தொட்டிலுக்கு வைத்த கழுத்து

இதுவா? இது பைதானுங்க. இப்பத்தான் பை, முதல்ல பையா இல்லை. ரெண்டு பக்கமும் வாய் இருக்கே, உள்ளே வச்சது நிக்குமான்னு கேட்கிறீங்க, நியாயம்தான். அதுக்குத்தான் ஒரு வாயை முடிச்சுப் போட்டிருக்கேன். ஊசி அட்டை, ரெண்டு ஜட்டி, ஒரு துண்டு, பிஸ்கட்டு எல்லாம் அடங்கிப்போகும். பார்க்கிறவங்க எல்லாரும் யானைக்குட்டிக்குத் தைச்ச ஒத்தைக்கால் பேண்டான்னு கேட்கிறாங்க. நீங்க மரியாதையா பைன்னு சொன்னீங்க. அதுக்கே உங்களைப் பிடிச்சுப்போச்சு.

பாப்பாவுக்கு இது ஒன்றரை மாசத்து ஊசிங்களா? அப்ப ராத்திரி காய்ச்சல் அடிக்கும், பயந்துடாதீங்க. நர்சம்மா குடுத்த மருந்தைக் குடுத்தா தணிஞ்சுடும். இவனுக்கு ஒன்பதாம் மாசத்து ஊசி. பேரு மகிழன். பேருக்கேத்த மாதிரி சிரிப்பான், இப்ப ஊசி போட்டதால மொகத்தை இப்படி வச்சிருக்கான். போட்டதும் அரை மணி நேரம் உட்காரணும்ங்கிறாங்களே, அது நல்ல சட்டம். எனக்கு வீட்டுல அரை மணி நேரம் சும்மா உட்காரக் கிடைக்காது. நீங்களும் உட்காருங்க, அந்தப் பை கதையைச் சொல்றேன்.

எங்களுக்கு லைன் வீடுங்க, பனியன் கம்பெனிக்குப் பின்னால. ஒரு கூடம், ஒரு சமையக்கட்டு. மேலே சிமெண்டுக் கூரை, வழவழன்னு இருக்கும், ஒரு கொக்கி கிடையாது. வீட்டு ஓனர்கிட்ட கொக்கி அடிச்சுக்கறோம், சேலையில தூளி கட்டணும்னு கேட்டோம். கூரையில ஓட்டை போட்டா மழை ஒழுகும்னுட்டார். அப்பத்தான் எங்க வீட்டுக்காரரோட அக்கா, உடுமலையில இருக்காங்க, அமுதவல்லின்னு பேரு, எங்க மரத்தொட்டிலை எடுத்துக்கிட்டுப் போங்கன்னாங்க. அவங்க மகள் நேத்ரா படுத்தது. இவர் சின்ன யானை ஓட்டறாருங்க, அட, லோடு அடிக்கிற வண்டி, அதைத்தான் எல்லாரும் அப்படிச் சொல்றாங்க. அதிலேயே ஏத்திக்கிட்டு வந்துட்டார்.

அண்ணியைப் பத்திச் சொல்லணும். நல்லவங்க. ஆனா அவங்க வீட்டுக்குப் போனா நான் கையைக் கட்டிக்கிட்டுத்தான் உட்காருவேன். டிவி ரிமோட்டுக்கு உறை. பிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை. காலண்டருக்கு உறை இருக்குதுங்க, சத்தியமா, தேதி கிழிக்கணும்னா உறையை மேலே தூக்கிட்டுக் கிழிக்கணும். அப்படிப்பட்டவங்க தொட்டிலைக் குடுக்கும்போது மேல்கட்டையை ஒரு தடவு தடவி, “பாரு கோகிலா, நேத்ரா ரெண்டு வருஷம் படுத்தா, ஒரு கீறல் இருக்கா? எனக்கு அடுத்தது வந்தா இது வேணும். குடுத்தபடி திருப்பிக் குடு”ன்னாங்க. எங்கிட்ட குடுத்தா பத்திரம்தான் அண்ணின்னு நானும் பெருமையா வாங்கிக்கிட்டேன். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

எனக்கு வீட்டுலேயே மெஷின். கம்பெனியிலிருந்து பனியன் கட்டு வரும், கழுத்து ஏத்திக் குடுக்கணும். ஒரு கட்டு முடிச்சா அடுத்த கட்டு வாசல்ல நிக்கும். மெஷினுக்குப் பக்கத்துலேயே தொட்டிலைப் போட்டேன். நான் தைக்கலாம், அவனையும் பார்த்துக்கலாம். பார்த்துக்கிறதுன்னா, தலை நிமிர்ந்து பார்க்கிறதுன்னு இல்லை, சத்தம் கேட்கும்ல. ஏழரை மாசத்துல கம்பியைப் பிடிச்சு நிக்கப் பழகிட்டான். கீழ்வரிசையில ரெண்டு பல்லு, அரிசி முனை மாதிரி.

ஒரு நாள் துடைக்கும்போது பார்க்கிறேன், மேல்கட்டையில பாலீஷ் பேர்ந்து, குழி குழியா ஒரு சாண் நீளத்துக்கு.  எலின்னு நினைச்சேன். கடையில எலிப்பொறி வாங்கி, கருவாட்டுத் துண்டு வச்சு, தொட்டிலுக்கடியில வச்சுட்டேன். ரெண்டு நாள் வச்சேன். மூணாவது நாள் இவர் குனிஞ்சு அந்தக் குழியைப் பார்த்துட்டு, பையன் வாயைத் திறந்து பார்த்துட்டு, “ஏ கோகிலா, உன் எலிக்கு ரெண்டே பல்லுதானா?”ங்கிறார்.

அதுக்கப்புறம்தான் கவனிச்சேன். நான் மெஷின்ல உட்கார்ந்து டர்ர்ருன்னு ஓட்ட ஆரம்பிச்சதும் இவன் எந்திரிச்சு நிப்பான். கட்டையில வாயை வைப்பான். என்னையே பார்த்துக்கிட்டுக் கடிப்பான். கட்டையைப் பார்த்துக் கடிச்சாலும் பரவாயில்லை. என்னைப் பார்த்துக்கிட்டு! வேணும்னே! நான் நிறுத்தினா அவன் நிறுத்துவான். நான் ஓட்டினா அவன் கடிப்பான். அந்தச் சத்தத்துக்குத் தாளம் போடறான்னு நினைச்சேன். இவங்கப்பாவும் அப்படித்தான், டிவியில ஏதாவது ஓடிக்கிட்டே இருந்தா முறுக்கு டப்பா காலியாயிரும். வாய் சும்மா இருக்காத வம்சம்.

இவர் ஒரு தடவை சொன்னார், “நீ எந்திரிச்சுக் கிட்ட வந்தா விட்டுடறான் பாரேன்”னு. விடாம என்ன பண்ணுவான்? அம்மான்னா ஒரு பயம் இருக்கணும்ல.

பக்கத்து வீட்டு ருக்குமணியக்கா, “அம்மிணி, வேப்பெண்ணெயைத் தடவி விடு, கசப்புல கிட்டயே போகமாட்டான்”னாங்க. தடவினேன். நக்கிப் பார்த்தான், மொகத்தைச் சுளிச்சான், நான் ஜெயிச்சேன்னு மெஷின்ல உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்துல பார்த்தா சப்புக்கொட்டிக்கிட்டுக் கடிக்கிறான். அக்காகிட்ட சொன்னேன். “வயித்துப் பூச்சிக்கு நல்லதுதான், விடு”ன்னு பேச்சை மாத்திட்டாங்க.

இப்படி இருக்கும்போது அண்ணிகிட்டேயிருந்து போன். அவங்க மறுபடி உண்டாகி ஏழு மாசம். அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை திருப்பூர்ல ஒரு கல்யாணம், அவங்க வீட்டுக்காரர் மண்டபத்துல இருப்பார், இவங்க பகல் முழுக்க நம்ம வீட்டுல இருந்துட்டு, சாயங்காலம் தம்பி வண்டியில தொட்டிலை ஏத்திக்கிட்டுப் போகணுமாம். “புதுசா மெத்தை தைக்கச் சொல்லணும், அதுக்கு முன்ன ஒரு தடவை நல்லாப் பார்த்துக்கறேன்”னாங்க. நல்லாப் பார்த்துக்கறாங்களாம்!

தொட்டில் போனா போகட்டுங்க. பாய் இருக்கு, தரை இருக்கு. ஆனா குடுத்தபடி திருப்பித் தரேன்னு சொன்ன வாய் இருக்கே. எங்க மாமியார் சாகும்போதுகூட, “அமுதா மாதிரி பொருளைப் பேணக் கத்துக்கோ கோகிலா”ன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாங்க. அண்ணி அந்தக் குழியைப் பார்த்தா, அடுத்த விசேஷத்துல பந்தியில நான் தலையைக் குனிஞ்சுதான் சாப்பிடணும்.

அப்பத்தான் முடிவு பண்ணினேன், கட்டைக்கு ஒரு உறை தைக்கிறதுன்னு. மெத்து மெத்துன்னு துணியில சுத்தி விட்டா பல்லுக்கும் நல்லது, மரத்துக்கும் நல்லது, அண்ணிக்கும் உறைன்னா உசுரு. குழியை மறைக்கத் தைச்சேன்னு நீங்க நினைக்கக் கூடாது. மறைஞ்சா மறையட்டும்னு தைச்சேன்.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்லணும். நான் டைலருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு வருஷம் பனியன் கம்பெனி. ஆனா கம்பெனியில ஒரு பனியனை ஒருத்தரே தைக்கிறது கிடையாது. ஒருத்தி தோள் சேர்ப்பா, அடுத்தவ கழுத்து ஏத்துவா, அடுத்தவ கை ஏத்துவா, கடைசியில ஒருத்தி அடி மடிப்பா. நான் கழுத்து. ஆறு வருஷமும் கழுத்து. கண்ணை மூடிக்கிட்டு வைப்பேன், ஒரு சுருக்கம் வராது. ஊர்ல எங்கம்மா எம் பொண்ணு டைலருன்னு சொல்லிப்போட, பக்கத்துத் தெருவெல்லாம் ஜாக்கெட் துணியோட வந்துட்டாங்க. கழுத்து மட்டும் வச்சுத் தரேன், மீதியை வேற யார்கிட்டயாவது குடுங்கன்னு நான் எப்படிச் சொல்றது? கை வலின்னு படுத்துக்கிட்டேன்.

முழுசா ஒரு பொருளை ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் நான் தைச்சது இதுதான் முதல் தடவை. அதனால மனசு ஒரே குதியாட்டம். கட்டையை நூல்ல அளந்தேன். சுத்தளவு அளந்தேன். பள்ளிக்கூடத்துல கணக்குல நான் ஒண்ணும் மோசமில்லை, தையலுக்கு அரை இஞ்சு விட்டு, தளர்ச்சிக்கு அரை இஞ்சு விட்டு, எல்லாம் போட்டு எழுதினேன். வெட்டினதுல மிச்சமான பனியன் துணி சுத்தமா துவைச்சு மூணு மடிப்பு உள்ளே. வெளியே இந்த மாம்பழக் கலர். பட்டன் வேண்டாம், பாசிமணி வேண்டாம், வாயில போட்டா விபரீதம். சாயம் போகுதான்னு வெந்நீர்ல ஊற வச்சுப் பார்த்தேன். எவ்வளவு யோசிச்சிருக்கேன் பாருங்க.

கட்டுக்கும் கட்டுக்கும் நடுவுல, கிடைச்ச நேரத்துல தைச்சேன். அவன் பாட்டுக்கு நின்னு கடிச்சுக்கிட்டிருந்தான். இரு மகனே, உனக்குத்தான் தைக்கிறேன், இன்னும் ரெண்டே நாள்னு சொல்லிக்கிட்டே தைச்சேன். சொல்றதை எங்கே கேட்கிறான், அன்னைக்குத்தான் அதிகமாக் கடிச்சான்.

முடிச்சேன். நீளவாக்குல சேர்த்து, குழல் மாதிரி பண்ணி, ரெண்டு நுனியிலும் நெளிவில்லாம கழுத்து வச்சேன். இழுத்தா விரியும், விட்டா சுருங்கும். அப்படி ஒரு கழுத்து. ருக்குமணியக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அடேயப்பா, கடையில வாங்கின மாதிரி இருக்கே”ன்னாங்க. சரி, மாட்டுவோம்னு தொட்டில்கிட்ட போனேன்.

போனா, எப்படி மாட்டறது?

அந்தக் கட்டை இந்தப் பக்கத்துக் காலிலேயும் அந்தப் பக்கத்துக் காலிலேயும் சேர்ந்திருக்கு. கீழே பதினோரு கம்பி அதைத் தாங்கிக்கிட்டு நிக்குது. நான் குழலை வச்சுக்கிட்டு இந்த முனைக்குப் போறேன், நுழைய இடமில்லை. அந்த முனைக்குப் போறேன், அங்கேயும் இல்லை. அக்காவும் ஒரு பக்கம் பிடிச்சு இழுக்கிறாங்க. கழுத்து விரியுது, நல்லாத்தான் விரியுது, ஆனா எதுக்கு மேல விரியறது? ஆறு வருஷமா நான் வச்ச கழுத்தெல்லாம் தலை வழியாத்தானே போகும். இதுக்கு ஏது தலை?

அக்கா சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டுப் போனவங்கதான், அவங்க வீட்டுச் சமையக்கட்டுல சிரிக்கிறது எனக்குக் கேட்குது.

சாயங்காலம் இவர் வந்தார். அந்தக் குழலைக் கையில எடுத்துப் பார்த்தார். தொட்டிலைப் பார்த்தார்.  கை கழுவினார், சாப்பிட்டார், ரசம்கூட இன்னொரு தடவை கேட்டு வாங்கினார். எந்திரிக்கும்போது ரொம்ப அடக்கமா, “கோகிலா, ஒரு சந்தேகம். இந்தத் தொட்டிலுக்குத் தலை எந்தப் பக்கம்?”

“பேசாம போயிருங்க.”

“இல்ல, கை ரெண்டையும் தூக்கச் சொல்லி மாட்டிப் பார்த்தியா?”

நான் ரெண்டு நாள் அவர்கிட்ட பேசலைங்க. அவர் அதைக்கூடக் கவனிக்கலை, வண்டி ஸ்டாண்டு முழுக்க இதைச் சொல்லிச் சிரிக்கிறதுல அவ்வளவு வேலை. இப்பவும் அந்தப் பக்கம் போனா ஒருத்தர் கேட்கிறார், “தங்கச்சி, எங்க வீட்டுக் கட்டிலுக்கு ஒரு பனியன் வேணும், கிடைக்குமா?”ன்னு.

அந்தக் குழல்தான் இது. பிரிக்க மனசு வரலை, நல்ல கழுத்துங்க. பை ஆக்கிட்டேன்.

அடுத்தது தைக்க ரெண்டு வாரம்கூட இல்லை. இந்தத் தடவை விரிச்ச துணியாவே வச்சு, கட்டைக்கு மேல போட்டு ரெண்டு பக்கமும் தொங்கவிட்டு, கம்பிக்கு நடுவுல, செருப்புல வர்ற ஒட்டு டேப் வச்சு ஒட்டினேன். ஒட்டின அஞ்சாவது நிமிஷம் அவன் பிடிச்சு இழுத்தான். பர்ர்ர்னு சத்தம் வந்துச்சு பாருங்க, அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் ஒட்டறேன், அவன் பர்ர்ர். ஒட்டறேன், பர்ர்ர். அன்னைக்கு முழுக்க விளையாட்டு அதுதான். நானும் அவன் எதிர்ல தரையிலேயே உட்கார்ந்துட்டேன், ஒட்டி ஒட்டிக் குடுக்கணுமே. அன்னைக்கு அவன் எதையும் கடிக்கலை. பர்ர்ருன்னு கேட்டா பல்லு ஊறல் நின்னுடும் போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஆனா உறை நிக்கணுமே. டேப்பைப் பிடுங்கிட்டு நாடா தைச்சேன். வெளிப்பக்கம் முடிச்சு வர்ற மாதிரி, சின்னச் சின்ன நாடா, நீளமா விட்டா கழுத்துல சுத்திக்கும். எட்டு நாடா. இழுத்துக் கட்டினேன். கச்சிதம்! கை வச்சு அழுத்தினா தலகாணி மாதிரி. மாம்பழக் கலர், ஓரத்துல வெள்ளை மடிப்பு. நான் கொஞ்ச நேரம் எட்டி நின்னு பார்த்தேன். கடைசிக் கட்டு முடிஞ்சிருந்ததால அன்னைக்கு அவன் பக்கத்துலேயே உட்கார்ந்து நூல் பிசிர் வெட்டிக்கிட்டிருந்தேன். அவன் உறையைத் தடவினான், மோந்து பார்த்தான், மேலே கன்னத்தை வச்சுக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சான். ஒரு கடி இல்லை. துணியோட மகிமையைப் பார்த்தீங்களான்னு இவர்கிட்ட கேட்டேன். 

திங்கக்கிழமை புதுக் கட்டு வந்தது. கறுப்புத் துணிங்க, கண்ணு போயிரும். வெளிச்சத்துக்காக மெஷினை ஜன்னல் பக்கம், தொட்டிலுக்கு அந்தண்டைப் பக்கம் நகர்த்திப் போட்டேன். மறுநாளே என்ன பண்ணினான் தெரியுங்களா? திரும்பி நின்னுக்கிட்டு எதிர்ப்பக்கத்துக் கட்டையைக் கடிக்கிறான்! உறை போட்ட பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. எங்கே உறை இல்லையோ அங்கே தேடிப்போய்! ஒன்பது மாசம்கூட ஆகலை, இந்த மூளை எங்கேயிருந்து வந்துச்சுங்க?

அதுக்குள்ள ஞாயித்துக்கிழமை வந்துட்டது. அந்தப் பக்கத்துக் குழி மேல ஒரு துண்டைக் காயப் போட்ட மாதிரி போட்டேன். இவரையும் உட்கார வச்சு, “உறை மேல கை வைக்கக் கூடாது, துண்டு மேல கை வைக்கக் கூடாது, தலைன்னு ஒரு வார்த்தை பேசக் கூடாது”ன்னு சொல்லி வச்சேன்.

அண்ணி வந்தாங்க. வயிறு நல்லா இறங்கித் தெரிஞ்சது. காப்பி குடுத்தேன், தட்டுல மிக்சர் வச்சேன், நேத்ரா படிப்பைக் கேட்டேன், கல்யாணத்துல என்ன டிபன்னு கேட்டேன். ஒண்ணொண்ணுக்கும் பதில் சொல்லிக்கிட்டே கண்ணு மட்டும் தொட்டில் மேல. எந்திரிச்சுப் போய் உறையைத் தொட்டுப் பார்த்தாங்க.

“நீயா தைச்சே?”

“ஆமாங்க அண்ணி. பொருள் பத்திரமா இருக்கணுமில்லீங்களா.”

“நல்லா தைச்சிருக்கே. நெசமாவே நல்லா இருக்கு.”

எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. அதோட விட்டிருக்கலாமில்லைங்களா? “துவைக்கிறதுக்கு எப்படிக் கழட்டுவே?”ன்னுட்டு முதல் நாடாவை உருவிட்டாங்க.

“அண்ணி, வடை ஆறிப்போகும்.”

“வடையே போடலையேடி நீ.”

இவர் எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டார். சிரிக்கத்தான் போனார், முதுகு குலுங்கறது தெரியுது. அண்ணி ரெண்டாவது நாடா, மூணாவது நாடா. எட்டும் உருவி, உறையை மடிச்சு மகிழன் கையில குடுத்துட்டு, கட்டையைப் பார்த்தாங்க. ஒரு சாண் நீளத்துக்குக் குழி. அப்புறம் துண்டையும் எடுத்தாங்க. அங்கே புதுசா அரைச் சாண்.  பூமி பிளந்தா உள்ளே போயிருப்பேன், உறையோட.

அண்ணி மெதுவா குனிஞ்சாங்க. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, தலைமாட்டுப் பக்கத்துக் கட்டையில கட்டை விரலை வச்சு அழுத்தித் தேய்ச்சாங்க. “இங்கே கையை வை”ன்னாங்க. வச்சேன். வழவழன்னு இருந்தது, ஆனா அடியில மேடு பள்ளம்.

“மக்குப் பசை வச்சுக் குழியை அடைச்சு, மேலே பாலீஷ் போட்டேன். எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. நேத்ரா பல்லு.”

நான் நிமிர்ந்து அவங்க மொகத்தைப் பார்த்தேன். காலண்டருக்கு உறை போடற மொகமா அது! சிரிப்பு வந்துட்டது எனக்கு. அவங்களும் சிரிச்சாங்க. ரெண்டு பேரும் அந்தத் தொட்டிலைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறோம், வாசல்ல நின்னவர் என்னமோ ஏதோன்னு உள்ளே ஓடி வர்றார்.

சிரிச்சு முடிச்சிட்டு அண்ணி சொன்னாங்க, “அவ இந்தப் பக்கத்தை மட்டும்தான் கடிப்பா கோகிலா. வேற எங்கேயும் தொடமாட்டா. ஏன்னு எனக்கு ஒரு வருஷம் புரியலை.”

“ஏங்கண்ணி?”

“வீட்டுல டியூஷன் எடுக்கிறேன்ல, பிள்ளைகளை அந்தப் பக்கம்தான் உட்கார வைப்பேன். நானும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். இருபது பிள்ளைங்க. இவ பக்கம் திரும்ப நேரம் இருக்காது.”

“ஓ, அதுங்க படிக்கிறதை வேடிக்கை பார்த்துக்கிட்டே கடிச்சிருக்கா!”ன்னேன். “அதான் படிப்புல இவ்வளவு கெட்டியா இருக்கா.”

அண்ணி திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்தாங்க. “உன் மெஷின் முன்ன இந்தப் பக்கம்தானே இருந்தது? எப்ப மாத்தினே?”

“போன திங்கக்கிழமைங்க அண்ணி. வெளிச்சத்துக்கு.”

“ம். நடு நடுவுல கொஞ்ச நேரம் மூடி வையேன் அதை.”

“மெஷினுக்கும் ஒரு உறை தைக்கச் சொல்றீங்களாண்ணி?”ன்னு கேட்டேன். அவங்களுக்கு உறைப் பைத்தியம், தெரியும்ல. “கட்டு நிக்குதே அண்ணி, மூடி வச்சா கழுத்து யார் ஏத்தறது?” அவங்க அவனைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, சாயங்காலம் வரைக்கும் இறக்கவே இல்லை. அத்தைப் பாசம். எனக்கும் நல்லதாப் போச்சு, பாதிக் கட்டு முடிச்சுட்டேன். நடுவுல நடுவுல என் மெஷினைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஓவர்லாக் மெஷின் வாங்கணும்னு ஆசை போல. வெளியே கேட்க வெட்கமா இருக்கும்.

சாயங்காலம் இவர் வண்டியைப் பின்னால எடுத்து, கயிறெல்லாம் எடுத்து வச்சுட்டு வந்தார். அண்ணி, “வேண்டாம் பூபதி, தொட்டில் இங்கேயே இருக்கட்டும். இந்தத் தடவை எனக்குத் தொட்டில் வேண்டாம். டியூஷனையும் ஒரு வருஷத்துக்கு நிறுத்திட்டேன்”னுட்டாங்க. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சுங்க. எட்டு மாசத்து வயித்தோட, தன் பிள்ளைக்கு வேணும்னு கேட்டு வந்தவங்க, என் உறையைப் பார்த்து மனசு மாறிட்டாங்க. இவ்வளவு கஷ்டப்பட்டுத் தைச்சிருக்காளேன்னு. பாவம், அந்தக் குழந்தை இனி அம்மா பக்கத்துல பாய்லதான் கிடக்கணும். எனக்காக விட்டுக்குடுத்திருக்காங்க. நான் இவர்கிட்ட சொன்னேன், அண்ணியைப் பத்தி நாம தப்பா நினைச்சுட்டோம்னு. “நாம இல்ல, நீ”ன்னார். “நீ இன்னும் தப்பாத்தான் நினைச்சுக்கிட்டிருக்கே”ன்னும் சொன்னார். அக்காவைச் சொன்னா இவருக்குப் பொறுக்காது. நல்லதாச் சொன்னாலும் பொறுக்காது.

அதனால இப்ப எனக்கு வேலை கூடிப்போச்சு. அந்தப் பக்கத்துக்கும் ஒண்ணு தைக்கணும், விட்டா தலைமாடு, கால்மாடுன்னு தேடிப் போவான், மீதி மூணு பக்கத்துக்கும் தைச்சுடறதுதான் நல்லது. இன்னும் இருபத்திநாலு நாடா. கட்டும் முடிக்கணும். இன்னும் ரெண்டு மூணு வாரம் மெஷினை விட்டு எந்திரிக்க முடியாது. பிள்ளைக்காகத்தானே, பண்ணிட்டுப் போறோம்.

அட, இவனைப் பாருங்களேன். வந்து ஒரு மணி நேரமாகப்போகுது, என் மடியிலேயே கிடக்கிறான், ஒரு கடி கடிக்கலை. இந்தப் பையைக்கூடக் கடிக்கலை, கையிலதான் இருக்கு. ஊசி வலியில பல்லு ஊறல் மறந்துபோச்சு போலிருக்கு. நர்சம்மாகிட்ட கேட்கணும், மாசம் ஒண்ணு போடுவாங்களான்னு.

கூப்பிடறாங்க, என் பேருதான். அட்டையில கையெழுத்து வாங்கிட்டு வந்துடறேன். உங்க பாப்பா தூங்கிட்டாளா? அப்ப இவனை ஒரு நிமிஷம் தோள்ல சாய்ச்சுக்கறீங்களா? ஒண்ணும் பண்ணமாட்டான், யார்கிட்டயும் இருப்பான். இதோ, அந்த மேஜை வரைக்கும்தான்.

என்னங்க? கடிக்கிறானா? அடப் பாவி, இப்பத்தானே உன்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொன்னேன்! விடுடா அத்தையை! சேலைக்குக் கஞ்சி போட்டிருக்கீங்களா? அதான், மொறமொறப்பைக் கண்டா அவனுக்கு ஆகாது. இருங்க, இருங்க, வந்துட்டேன். பார்த்தீங்களா, என்னைக் கண்டதும் விட்டுட்டான். சொன்னேன்ல, பயம்.

ரொம்பப் பட்டுடுச்சா? மன்னிச்சுக்குங்க. அடுத்த மாசம் பாப்பாவுக்கு ஊசி போட வருவீங்கள்ல, அப்ப உங்க தோளுக்கு ஒரு உறை தைச்சு எடுத்துட்டு வரேன். நல்ல மெத்துத் துணியில, கழுத்து வச்சு. கவலைப்படாதீங்க, இந்தத் தடவை தப்பு வராது. உங்களுக்குத் தலை இருக்குதுங்களே.